கண்ணை உறுத்தாத கலர்

இன்னும் ஒரு சுவர்தான் பாக்கி. சமையலறைச் சுவர். ஹால் முடிந்தது, படுக்கையறை முடிந்தது, வாசல் கதவுக்கு நேற்று சாயங்காலமே தேக்குக் கலர் இரண்டு கோட்டு கொடுத்தாயிற்று, ஃபேனைக் கழற்றி அதன் மூன்று இறக்கைக்கும் வெள்ளை அடித்து மாட்டியாயிற்று. மணி எட்டரை. கோகிலா சென்னையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி ரயிலில்தான் வந்து இறங்குவாள். அதற்குள் இந்த ஒரு சுவரை முடித்து, தரையைத் துடைத்து, சாமான்களை அடுக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு வாடையை வெளியேற்றிவிட்டால் போதும், உள்ளே வந்ததும் என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இந்த மூன்று நாளும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. லால்குடிக்காரர்கள் பத்தரைக்கு வருகிறார்கள். பையனும் அவன் அம்மாவும் கோகிலாவை வயலூர் கோயிலில் வைத்துப் பார்த்தாயிற்று, பேசியாயிற்று, பிடித்தாயிற்று, வீட்டைத்தான் இன்னும் பார்க்கவில்லை. அவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கப் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது, அதைப் பழகச் சென்னையில் ஐந்து நாள் ட்ரெயினிங். போன திங்கட்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னாள். "அப்பா, ஞாயித்துக்கெழமை அவங்க வர்றாங்க, வீட்டக் கொஞ்சம் பாத்து வைப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பாத்து வைப்பா. திங்கட்கிழமை முழுக்க அந்த வார்த்தை என் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு வாத்தியாரிடம் சொன்னால் கூட்டிப் பெருக்கி வைப்பார். ஒரு பெயிண்டரிடம் வீட்டைப் பாத்து வைப்பா என்று சொன்னால் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்கும். அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அம்மா போய்ப் பதினாலு மாசம்தான் ஆகிறது, அம்மா அடித்த கலரை அழித்துவிடுங்கள் என்று எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லும். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தட்டில் பெயிண்டை ஊற்றுகிறேன். சந்தனக் கலர். டப்பா மூடியில் வேறு ஏதோ பெயர் போட்டிருக்கிறது, கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் வாயில் எல்லாம் சந்தனக் கலர்தான். நாற்பது வருஷத்தில் திருச்சியில் எத்தனை வீட்டுக்கு இதைப் பூசியிருப்பேன். வீட்டுக்காரர்கள் முதலில் தைரியமாகத்தான் ஆரம்பிப்பார்கள். கலர் அட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இந்த மயில் நீலம் எப்படி இருக்கும், இந்த மாதுளைச் சிவப்பு எப்படி இருக்கும் என்பார்கள். ஒரு லிட்டர் வாங்கிவரச் சொல்வார்கள். சுவரில் இரண்டு முழத்துக்கு அடித்துக் காட்டுவேன். தள்ளி நின்று பார்ப்பார்கள், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார்கள், மச்சானுக்கு போன் போடுவார்கள், கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிடும். "வேணாம் நல்லதம்பி, கண்ண உறுத்தாத கலரா அடிச்சிருங்க. இத நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க." அப்படித்தான் ஒவ்வொரு டப்பாவாக உறையூரில் இந்தச் சந்துக்குள் வந்து சேர்ந்தது. ஊரே பார்த்துப் பயந்த கலர் எல்லாம் என் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு வந்தது. என் பெண்டாட்டி தெய்வானை மூடியை நெம்பித் திறந்து, மூக்கை உள்ளே விடுகிற மாதிரி குனிந்து பார்ப்பாள். "இதையா வேணான்னுட்டாங்க? என்ன மனுசங்க." தெருவில் விட்டுப்போன பூனைக்குட்டியைப் பற்றிப் பேசுகிற குரல். முதலில் வந்தது ராணிப் பூ ரோஸ். கல்யாணமாகி மூன்றாவது மாசம். நான் வேலைக்குப் போயிருந்தபோது கதவுக்கு அடித்துவிட்டாள், பிரஷ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பழைய பனியனைச் சுருட்டி, அதைத் தொட்டுத் தொட்டு. உப்புத்தாள் போடவில்லை, தூசி தட்டவில்லை, தாழ்ப்பாள் மேலேயே அடித்திருந்தாள், கீழே முழுக்க ஒழுகல். நான் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே கத்தினேன். தொழில்காரன் வீட்டுக் கதவாடி இது, பாக்கிறவன் என்னைத்தானே சிரிப்பான். அவள் இரண்டு முழங்கை வரைக்கும் ரோஸாக நின்றுகொண்டு, "காயட்டும்ங்க, காஞ்சதுக்கு அப்புறம் திட்டுங்க" என்றாள். காய்ந்தது. நான் திட்டவில்லை. மறுநாள் அவளுக்கு ஒன்றரை இன்ச் பிரஷ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன், புதுசு, முடி உதிராதது. அதோடு ஆரம்பித்தது. முப்பது வருஷம். தபால்காரரிலிருந்து காஸ் போடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் இது ரோஸ் கதவு வீடு. நேற்று சாயங்காலம் இரண்டாவது கோட்டு முடித்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன், எதிர் வீடும் பக்கத்து வீடும் என் வீடும் ஒரே மாதிரி இருந்தது, நல்ல வேலை, ஒரு ஒழுகல் இல்லை.

ஹாலில் வேலை அதிகம். கிளிப்பச்சைச் சுவர், அதன் மேல் மாம்பழ மஞ்சளில் பட்டை பட்டையாக, நேர்க்கோடு இல்லை, புடவை காய்வது மாதிரி வளைந்து வளைந்து. ஜன்னல் கம்பி ஒன்பது, ஒன்பதுக்கும் ஒன்பது கலர். ஃபேன் இறக்கை சிவப்பு, மஞ்சள், நீலம், சுற்றினால் எல்லாம் கலந்து அழுக்கு வெள்ளையாகத் தெரியும், கரண்ட் போனால் தெய்வானை கைதட்டுவாள், இப்பப் பாருங்க அழகை என்று வியர்வையோடு மல்லாந்து படுத்துக்கொள்வாள். மேலே மோட்டில் மீன். காவிரியில் தண்ணீர் வராத வருஷம், மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த வருஷம், அந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றுக்குப் போய்விட்டு, குழாயடியில் குடத்து நீரில் பூவை விட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள், மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹால் மோட்டை முழுக்க நீலமாக்கி ஏழு மீன் விட்டாள். எனக்குக் கீழே நின்று ஸ்டூலைப் பிடிக்கிற வேலை. ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். "எல்லாம் ஒரே பக்கம் போனா அது மீன் கொழம்புங்க, ஆறு இல்ல." வியாழக்கிழமை அந்த மீன்களைத் தேய்த்தேன். ஒரே ஆளாக, கழுத்தை அண்ணாந்து, நாற்பதாம் நம்பர் உப்புத்தாளில். பழைய பெயிண்டின் மேல் புதுசு பிடிக்க வேண்டுமென்றால் தேய்க்காமல் முடியாது, யார் வீடாக இருந்தாலும் நான் தேய்க்காமல் அடித்ததில்லை. தூசி இறங்கியது. முதலில் நீலத் தூசி, அப்புறம் அதற்குள்ளேயிருந்து செம்மஞ்சள். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தும் உள்ளே போயிற்று. மத்தியானம் குழாயடியில் குளித்தபோது என் உடம்பிலிருந்து இறங்கிய தண்ணீர் எந்தக் கலர் என்றே சொல்ல முடியாத ஒரு கலரில் சாக்கடைக்குப் போனது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன், மேலே ஊற்ற மனசு வரவில்லை, ஊற்றாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டாவது குடத்துக்குத் தண்ணீர் வெறும் தண்ணீராகிவிட்டது. அவ்வளவுதானா. முப்பது வருஷத்துக்கு இரண்டு குடம். இல்லை, அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது. பெண்ணுக்குக் கல்யாணம். பாத்து வைப்பா என்றாள்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அந்தப் பிள்ளைகள் ஹாலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தன, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்வானை எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள், ஒவ்வொரு மீனாகக் காட்டிப் பெயர் சொன்னாள், அவற்றுக்குப் பெயரெல்லாம் இருந்தது. அவர்கள் போனதும் கோகிலா குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, நம்ம வீடு சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்குப்பா. எல்லார் வீடு மாதிரி நீ அடிச்சுக் குடுப்பா" என்றாள். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லக் கூடாதும்மா என்றாவது, சரிம்மா என்றாவது. சிரித்துவிட்டுப் பிரஷைக் கழுவினேன். நிமிர்ந்தபோது சமையலறை ஜன்னலில் தெய்வானையின் கை தெரிந்தது, கை மட்டும், ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி. கேட்டதா, கேட்கவில்லையா. பதினோரு வருஷமாக இது எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள், தோசை ஊற்றினாள், ரேடியோ கேட்டாள், கொஞ்சம் அதிகமாகப் பேசினாள் என்றுகூடத் தோன்றியது, அதிகமாகப் பேசினாளா இல்லை நானே இப்போது சேர்த்துக்கொள்கிறேனா. கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஏய், அன்னைக்குப் புள்ள சொன்னது உன் காதுல விழுந்துச்சா என்று. கேட்டால் விழுந்தது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவளுக்குக் கடைசியாக வந்தது ஒன்பது நாள் காய்ச்சல். ஒன்பதே நாள். வார்டில் நாலு பக்கமும் வெளிர் பச்சை, பாதி உயரத்துக்கு எனாமல், அதற்கு மேல் சுண்ணாம்பு. நாலாவது நாள் கண்ணைத் திறந்து, "ஏங்க, இந்தச் செவத்தப் பாத்துப் பாத்துத்தான் எனக்குக் காய்ச்சல் எறங்க மாட்டேங்குது" என்று சொன்னாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாகூடச் சிரித்தது. "வீட்டுக்குப் போனதும் கதவ இன்னொருவாட்டி அடிக்கணும், மங்கிப்போச்சு. ஒரு டப்பா பாத்து வைங்க." ஏழாவது நாளுக்கு மேல் அவள் பேசவில்லை. நானும் அப்போது கேட்டிருக்க முடியாது. எப்போதும் கேட்டிருக்க முடியாது போல.

இந்தச் சமையலறைச் சுவரைக் கடைசிக்கு வைத்தேன். வேலைக்கு வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், புகை பிடித்த சுவர், எண்ணெய்ப் பிசுக்கு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. கத்திரிப்பூ எனாமல், பளபளவென்று, துடைத்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியும். அதன் மேல் பதினோரு கிளி. பச்சைக் கிளி ஒன்றுகூட இல்லை, பச்சைதான் எல்லாரும் பாத்திருக்காங்களே என்பாள், ஆரஞ்சுக் கிளி, வெள்ளைப் புள்ளி போட்ட நீலக் கிளி, கறுப்புக் கிளி, ஜாக்கெட் போட்ட கிளி ஒன்று. கோகிலாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்த அன்றைக்கு, அவள் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள், பதினோரு கிளிக்கும் மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஃப்ரேம். ஒரு கிளிக்குக் கூலிங் கிளாஸ். அன்றைக்குக் கோகிலா சிரித்தாளே. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது என்ன சிரிப்பு. ஒன்பதாம் வகுப்பில் சொன்னவளின் சிரிப்பா, அதை மறந்தவளின் சிரிப்பா. எனக்குச் சுவரைப் பார்த்தால் எத்தனை கோட்டு வாங்கும் என்று சொல்லத் தெரியும், என் பெண் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாது, அதற்கெல்லாம் தெய்வானை இருந்தாள். உப்புத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஓரத்துக் கிளி, கூலிங் கிளாஸ் கிளி, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். தாளைச் சுவரில் வைக்கிறேன். ஒரு இழுப்பு. கை வரவில்லை. மீனுக்கு வந்த கை இதற்கு வரவில்லை. மீன் உயரத்தில் இருந்தது, முகம் பார்க்கவில்லை, இதுகள் பதினொன்றும் கண்ணாடிக்குள்ளேயிருந்து நேராகப் பார்க்கின்றன. தாளைக் கீழே போட்டேன். தேய்க்க வேண்டாம். பிசுக்கைக்கூடத் துடைக்க வேண்டாம். நேரே அடித்துவிடலாம். ஒரு கோட்டு, அது காய்ந்ததும் இன்னொரு கோட்டு, நாளைக்கு ஒரு நாள் நின்றால் போதும். இப்படி ஒரு வேலையை வேறு ஆள் செய்து நான் பார்த்திருந்தால் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பேன்.

ரோலரை வைத்தேன். மேலிருந்து கீழே. சந்தனக் கலர் எனாமல் மேல் நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டது, மறுபடி உருட்டினேன், படிந்தது. ஒரு கிளி போயிற்று. இரண்டு. பார்க்காமல் அடிக்கப் பழகிவிட்டது, ரோலரை மட்டும் பார்த்தால் போதும், ரோலருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் லால்குடிக்குப் போய்விடுவாள். இந்தச் சந்தனக் கலர் வீட்டில் நான் ஒரு ஆள். காலையில் எழுந்து இந்தச் சுவரைப் பார்த்து டீ போட வேண்டும். ஊரில் அத்தனை வீட்டுக்கும் அடித்தேனே, இதற்குள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை, மத்தியானம் மூன்று மணிக்கு இந்தக் கலர் எப்படி இருக்கும், மழை நாளில் எப்படி இருக்கும், ஒருத்தரும் இல்லாத வீட்டில் எப்படி இருக்கும். ஏழு. எட்டு. கையில் வலி, இடது பக்கம் லேசாக இழுக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, மூன்று நாள் அண்ணாந்து வேலை பார்த்த வலி. செத்துப்போனால் இந்த வீட்டில் வந்து பார்க்கிறவர்கள், நல்லா சுத்தமா வச்சிருந்தாரு என்பார்கள். பதினொன்று. முடிந்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது. ஈரம் மின்னுகிறது. தள்ளி நின்று பார்த்தேன், எல்லார் வீட்டுச் சமையலறை. அப்போதுதான் வாசலில் ஆட்டோ சத்தம்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கோகிலா தட்ட மாட்டாள், நேராக உள்ளே வருவாள், அதனால் வேறு யாரோ என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். அவள்தான் நின்றாள். தோளில் பை, கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. "அப்பா," என்றாள், "சீக்கிரம் விட்டுட்டாங்க, காலை ரயில்லயே வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே கதவைத் தொட்டாள். விரலில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது. "வீடு மாறிப்போச்சுன்னு நெனச்சேன். ஆட்டோக்காரர்கிட்ட ரோஸ் கதவுன்னு சொல்லிட்டே வர்றேன், ரெண்டுவாட்டி தாண்டிப் போயிட்டோம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், மூன்று நாளாகப் பார்க்கக் காத்திருந்த முகம். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஹால் நடுவில் நின்றாள். மெதுவாகத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள், அப்புறம் ஜன்னலை, அப்புறம் மறுபடியும் மேலே.

"எல்லார் வீடு மாதிரி ஆயிருச்சு பாத்தியா," என்றேன். என் வாய்தான் சொன்னது. "நாளைக்கு அவங்க வந்தா..."

"என்னப்பா பண்ணி வச்சிருக்க."

"நீதானம்மா பாத்து வைக்கச் சொன்ன."

"ஒட்டடை அடிச்சு வைக்கச் சொன்னேன்ப்பா." ஸ்வீட் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "மேல மீனெல்லாம் ஒட்டடையா இருந்துச்சு, அத அடிச்சு வைக்கச் சொன்னேன். அவங்கள வீட்டுக்கு வரச் சொன்னதே இதக் காட்டத்தானேப்பா. ரெண்டு மாசமா அவருகிட்ட போன்ல இதத்தான் சொல்லிட்டிருக்கேன். எங்கம்மா இல்ல, எங்க வீட்டப் பாத்தீங்கன்னா எங்கம்மாவப் பாத்த மாதிரின்னு சொல்லியிருக்கேன்."

பதினோரு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை அந்த இடத்தில் போட்டேன். "நீ ஒம்பதாவது படிக்கிறப்ப சொன்னியேம்மா. சர்க்கஸ் கூடாரம்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள், கண்ணைச் சுருக்கி. "நானா? நான் அப்படிச் சொன்னேனா?" அதை அவள் மறந்தேபோயிருந்தாள். அவள் உதறிவிட்டுப் போனதை எடுத்து வைத்துக்கொண்டு நான்தான் இத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறேன். "சொல்லியிருந்தாலும் பதினாலு வயசுப்பா," என்றாள். அடுத்த நொடி பெட்டி கையிலிருந்து விழுந்தது. "கிளி? அப்பா, கிளி?" என்று சமையலறைக்கு ஓடினாள்.

அங்கே நின்று அவள் அழுதது எனக்குக் கேட்டது. அம்மா செத்தபோதுகூட அவள் இப்படிச் சத்தம் போட்டு அழவில்லை, அன்றைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டும் காபி கொடுத்துக்கொண்டும் இருந்தாள். நான் ஹாலிலேயே நின்றேன். அப்புறம் அவள் அழுகைக்கு நடுவில் என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று தலைக்குள் வந்து நின்றது. தேய்க்கவில்லையே. அதைத் தேய்க்கவில்லையே நான். பிசுக்கைக்கூடத் துடைக்கவில்லையே. ஓடினேன். "அழாத, அழாத, துணிய எடு, தண்ணிய எடு." அவளுக்குப் புரியவில்லை. கையில் கிடைத்த துண்டைக் குடத்தில் முக்கிச் சுவரில் வைத்து இழுத்தேன். கடைசியாக அடித்த பக்கம் இன்னும் ஈரம், சந்தனம் வழிந்து இறங்கியது, உள்ளேயிருந்து ஒரு மூக்குக் கண்ணாடி. "அடியில எனாமல்மா, இது தண்ணிப் பெயிண்டு, பிடிக்காது, தேய்க்காம அடிச்சா பிடிக்காது, சீக்கிரம்." அவள் தன் துப்பட்டாவையே நனைத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருவரும் துடைத்தோம். முதலில் அடித்த பக்கம் காய்ந்திருந்தது, அங்கே நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் பால் ஆடை மாதிரி ஏடாக உரிந்து வந்தது. மிச்சத்துக்கு அவள் வெந்நீர் வைத்தாள். நாற்பது வருஷத்தில் நான் செய்த ஒரே திருட்டு வேலை, அதுதான் நின்றது, ஒழுங்காகச் செய்தது எல்லாம் ஒழுங்காகப் போய்விட்டது. மூன்று மணிக்குப் பதினோரு கிளியும் வெளியே வந்திருந்தன. கூலிங் கிளாஸ் கிளிக்கு மட்டும் ஒரு கண்ணில் கீறல், காலையில் நான் இழுத்த அந்த ஒரு இழுப்பு. சில கிளிகளின் இறக்கை ஓரத்தில் சந்தனம் திட்டுத்திட்டாகத் தங்கிவிட்டது, போகட்டும் என்று விட்டோம்.

தரையெல்லாம் தண்ணீர். அதிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம், அவள் ஸ்வீட் பெட்டியைத் தேடி எடுத்து வந்து பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள், பாதி நசுங்கியிருந்தது. "மீனு வராதாப்பா?" என்று கேட்டாள். "வராதும்மா. தேச்சிட்டேன்." தலையை ஆட்டினாள். அது எந்த மாதிரி தலையாட்டல் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் நாங்கள்தான் நின்றோம். பிறந்தநாளுக்கு நின்றோம், பொங்கலுக்கு நின்றோம், அவள் முதல் சம்பளத்துப் புடவையில் தெய்வானை நின்றாள், பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "அப்பா," என்றாள், "பெட்ரூம் அலமாரிக்குள்ள, நடுத் தட்டுல, அம்மா பட்டன் பட்டனா ஏதோ போட்டிருக்கும்ல. நான் சின்னப் புள்ளையில படுத்துட்டு அதத்தான் எண்ணுவேன். அது என்ன கலரு?"

"ஆரஞ்சு," என்றேன்.

"இல்லப்பா. நீலம்."

"ஆரஞ்சும்மா. நான்தானே நேத்து அதத் தேச்சேன்."

"நீலம்ப்பா. எனக்கு நல்லா தெரியும்."

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். நேற்று காலையில் அந்தத் தட்டை நான் தேய்த்தேன், இந்தக் கையால், இந்தக் கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில். ஆரஞ்சு. ஆரஞ்சாகத்தான் இருக்க வேண்டும். இருந்த இடம் தெரிகிறது, வட்டம் தெரிகிறது, ஒன்று பெரிது ஒன்று சின்னது தெரிகிறது, கலரை வைத்துப் பார்த்தால் அது நிற்க மாட்டேன் என்கிறது, அவள் நீலம் என்று சொன்னதும் நீலமாகிறது, நான் ஆரஞ்சு என்றதும் ஆரஞ்சாகிறது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். கோகிலா பின்னாலேயே வந்து நின்றாள். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு, மூன்றும் சந்தனக் கலர், ஒழுகல் இல்லாமல், மூலை முடுக்கெல்லாம் சீராக, நல்ல வேலை. கோகிலா நடுத் தட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, நீலமாவே இருக்கட்டும்," என்றேன் நான். "இல்லப்பா," என்றாள் அவள், "ஆரஞ்சுதான் போல."